குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் நான் எழுதிய நான்கு பக்கங்கள்

1

சென்ற ஆண்டு என் மகள் கயல்விழியின் திருமணம் ஜெர்மனியில் நடந்தது. அதற்கு நான் போகவில்லை. அயல்நாட்டு மருமகனை ஏற்க மனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று விருதுநகரில் என் உறவினர் சிலர் பேசிக்கொள்வதாக அறிகிறேன். வேறு சிலர், விடுப்புக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லி அனுப்பிய பாதி உண்மையை நம்பியிருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. மருமகன்மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நான் போக முடியாமற் போனதற்குக் காரணம், நான் என் கையால் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வாங்கி அனுப்பிய நான்கு பக்கங்களே. அவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் அவை என் மகளின் திருமண நாளைத் தள்ளிவைத்தன. என்னை அஜ்மானில் ஓர் அறைக்குள் உட்கார்த்திவைத்தன. இதை நான் எழுதாவிட்டால் மற்றவர்கள் பேசுவதே வரலாறாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் ஆடலரசன். தமிழில் முதுகலை படித்தவன். விருதுநகரில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் இலக்கணம் நடத்திவிட்டு, நிலையான பணி கிடைக்காமல் வளைகுடாவுக்கு வந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகத் துபாயின் அல் கூஸ் பகுதியிலுள்ள ஒரு கட்டுமான நிறுவனத்தில் பணியாளர் ஆவணங்களைப் பேணும் வேலை. யார் எந்த நாட்டவர், அவருடைய கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது, நோய் வந்தால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்பனவெல்லாம் என் அலமாரியில் கோப்புகளாக இருக்கின்றன. என் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள்.

ஒரு குறிப்பு. அயற்சொல் கலவாமல் எழுதுவது என் வழக்கம் என்பதைப் பழைய மாணவர்கள் அறிவார்கள். ஆனால் இக்கட்டுரையில் பிற நாட்டவர் பெயர்களை அவர்கள் ஒலிக்கிறவாறே எழுதியிருக்கிறேன். பிறர் பெயரை என் வசதிக்கு வளைக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதை இந்நிகழ்ச்சி எனக்குக் கற்பித்தது.

2

அலுவலகத்தில் என்னை எவரும் ஆடலரசன் என்று அழைப்பதில்லை. 'மிஸ்டர் சுப்பையா' என்றே அழைப்பார்கள். சுப்பையா என் தந்தையின் பெயர். ஊரில் இருந்தவரை அது என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக, புள்ளியோடு, அடக்கமாக நின்றது. கடவுச்சீட்டு எடுத்தபோது அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரிந்த பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் போய் உட்கார்ந்தது. வந்த முதல் நாளில் மேலாளர், "சுப்பையா எங்கே?" என்று உரக்கக் கேட்டபோது நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் தந்தையின் பெயரை என் தாய் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கடல் கடந்து வந்து, அந்தப் பெயருக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று மறுமொழி சொல்லும் நிலைக்கு ஆளானேன். பிறகு பழகிவிட்டது.

இங்குள்ள அரபு மக்களுக்கு நம் முறை விளங்காததன்று. குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த முதியவர் ஒருவர், "உன் பெயர்? உன் தந்தை பெயர்? பாட்டன் பெயர்?" என்று மூன்றையும் கேட்டு மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். கயல்விழி சார்ஜாவில் பிறந்தபோது தந்த சான்றிதழிலும் கயல்விழி ஆடலரசன் சுப்பையா என்று மூன்று தலைமுறையை வரிசையாக எழுதித் தந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. பிறகு அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு, கயல்விழி ஆடலரசன் என்ற இரண்டையும் இயற்பெயருக்குரிய கட்டத்திலேயே எழுதச் செய்தேன். என் தந்தைக்கு நேர்ந்தது எனக்கு நேர வேண்டாம் என்று எண்ணினேன். இருபத்தைந்து ஆண்டு கழித்து இடறப்போகும் கல்லை அன்றே நட்டுவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

கட்டடங்கள் வானளாவ எழத் தொடங்கியபின் எங்கள் நிறுவனத்திற்கு ஐரோப்பியப் பொறியாளர்கள் பலர் வந்தார்கள். ஐரோப்பா முழுவதும் ஒரே பெயர்முறை என்று எண்ணியிருந்த என் அறியாமை என் அலமாரியின்முன் அகன்றது. ஸ்பெயின் நாட்டவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: தந்தையுடையது முதலில், தாயுடையது அடுத்து. அந்நாட்டுப் பெண் மணம் புரிந்தபின்னும் தன் பெயரை மாற்றுவதில்லை. பக்கத்து நாடாகிய போர்ச்சுகலில் வரிசை மாறித் தாயின் பெயர் முன்னே நிற்கிறது. ஹங்கேரியர் நம்மைப்போல் முன்னோரை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே சொல்கிறார்கள். அது தெரியாமல் ஒருவருக்கு நுழைவாயில் அட்டையைத் தலைகீழாக எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "மற்ற ஐரோப்பியர்களும் இதைத்தான் செய்கிறார்கள்" என்றார். செக் நாட்டிலிருந்து வந்த கணவன் மனைவியின் பெயர்களில் ஆண்பால், பெண்பால் ஈறு வேறுபடுவதைக் கண்ட எழுத்தர் ஒருவர், இவர்கள் ஒரே குடும்பந்தானா என்று கேட்டுத் திருமணச் சான்றை இரண்டாம் முறை கொண்டுவரச் செய்தார். நெதர்லாந்துக்காரரின் பெயருக்குமுன் வரும் 'வான்' என்பதை அவர்கள் ஊரில் அகரவரிசைக்குக் கணக்கில் கொள்வதில்லை, பெல்ஜியத்திலோ கொள்கிறார்கள். இதனால் ஒருவருடைய கோப்பு இரண்டு நாள் கிடைக்காமற் போனது.

இவற்றையெல்லாம் ஒரு தனி ஏட்டில் குறித்துவந்தேன். யாரும் கேட்கவில்லை. மாலையில் நான் தங்கியிருக்கும் அஜ்மானுக்குத் திரும்பும் பேருந்து சார்ஜா நெரிசலில் ஒன்றரை மணிநேரம் நிற்கும். அப்போது எழுதுவேன்.

3

என்னை என் பெயரால் அழைத்தவர் இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒருவரே. ஐஸ்லாந்து நாட்டுப் பொறியாளர் குன்னார். முதல் நாளிலேயே என் மேசைமீதிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"சுப்பையா என்பது யார்?"

"என் தந்தை."

"அவரும் இங்கேதான் வேலை செய்கிறாரா?"

"இல்லை. காலமாகிவிட்டார்."

"அப்படியானால் ஏன் எல்லாரும் அவரையே கூப்பிடுகிறார்கள்?"

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அவர்கள் நாட்டில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை சிகுர்ட் என்றால் மகன் சிகுர்டின் மகன், மகள் சிகுர்டின் மகள். அவ்வளவே. அடுத்த தலைமுறையில் அப்பெயர் நின்றுவிடும். தாய், தந்தை, மகன், மகள் நால்வரும் ஒரே வீட்டில் நான்கு வகைப் பெயரோடு இருப்பார்கள். தொலைபேசி விவரநூலைக்கூட இயற்பெயர் வரிசையில்தான் அச்சிடுகிறார்கள். "ஒருவரை அவருடைய தந்தையின் பெயரால் அழைப்பது எங்களுக்கு வேடிக்கை. உங்கள் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மறுநாள் தேநீர் வேளையில் உரக்கச் சொல்லிப் பார்த்தார். 'ஆத்தால் ராசான்' என்று வந்தது. நான் திருத்தவில்லை. அது என்னையே குறித்தது. எனக்கு அது போதும்.

இந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் தந்தை எனக்கு இட்ட பெயர் நடராசன். அது அவருடைய தந்தையின் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது எங்கள் குடும்பத்தின் முறை. கல்லூரியில் தனித்தமிழ்ப் பற்று மிகுந்திருந்த நாட்களில் அதை ஆடலரசன் என்று மாற்றி, அரசிதழிலும் அறிவித்தேன். என் திருமண அழைப்பிதழில் அப்பெயர் அச்சாகி வந்தது. என் தந்தை இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றியவர், அதிகம் பேசாதவர். அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளை யாரு? எம்மகன் பேரக் காணமே" என்றார். அதற்குப்பின் அவர் என்னை எப்பெயராலும் அழைக்கவில்லை. 'இந்தா' என்பார், 'கேளு' என்பார். என் மனைவிக்கோ கணவன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. ஆகவே நான் தேடித் தேர்ந்த பெயர் யார் வாயிலும் வழங்காமல் கடவுச்சீட்டுக்குள் கிடந்தது.

ஒப்பந்தம் முடிந்து குன்னார் ஊர் திரும்பினார். விடைபெற வந்தபோது என் பெயரைத் திருத்தமாகச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் அதுவே முதல் முறை. மறுநாளிலிருந்து நான் மீண்டும் சுப்பையா.

4

கயல்விழி மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போய், அங்கேயே மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் பணியமர்ந்தாள். அந்நகரத்து அலுவலகத்தில் முதலிற் பதிந்தபோது, வெறுமையாயிருந்த கட்டத்தைப் பார்த்த எழுத்தர் கடைசியாக நின்ற பெயரை எடுத்துக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டார். ஆகவே அங்கே அவள் 'ஃபிராவ் ஆடலரசன்', ஆடலரசன் அம்மையார். ஒருமுறை அவளுடைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, எடுத்த பெண்மணி அப்பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது என் காதில் விழுந்தது. இங்கே ஒலிக்காத என் பெயர் பனி பெய்யும் ஓர் ஊரில் நாள்முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. அன்று அது எனக்கு அளித்த இன்பத்தை மறைக்க விரும்பவில்லை.

வார விடுமுறை வெள்ளி, சனி என்று இங்கே மாறிய ஆண்டு அது. ஒரு சனிக்கிழமை காலையில் கயல்விழி அழைத்தாள். உடன் பணிபுரியும் மார்ட்டின் ஷ்னைடர் என்பவரை மணக்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தாள். எனக்கும் ஐரோப்பா செல்ல நுழைவிசைவு கிடைத்துவிட்டது. குறித்த பதினைந்து நாட்களுக்கு மட்டும். நிறுவனமும் அந்நாட்களுக்கே விடுப்பளித்தது.

"அப்பா, ஒரு சின்ன வேலை. என் பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்குல்ல, மேரேஜ் ரிஜிஸ்டர் பண்ற ஆபீஸ்ல கேக்கறாங்க. நீங்க கான்சுலேட்ல ஒரு அஃபிடவிட் வாங்கி அனுப்பணும். ஒரே லைன். 'என் மகளின் குடும்பப் பெயர் ஆடலரசன்', அவ்ளோதான்."

"அது உண்மையில்லையே அம்மா. அது என் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது."

"ஐயோ அப்பா. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் சலிப்போடு சொன்ன அந்தக் கடைசித் தொடர் என்னைத் தைத்தது. ஏன் தெரிய வேண்டாம்? ஸ்பெயினின் முறையை நான் தெரிந்துகொண்டேன். ஹங்கேரியின் முறையைத் தெரிந்துகொண்டேன். ஒரு முன்னொட்டைக் கணக்கில் கொள்வதா இல்லையா என்று இரண்டு நாள் அலைந்தேன். நம்முடைய முறையை மட்டும் ஒருவரும் தெரிந்துகொள்ள வேண்டாமா? மூன்று மாலைகள் பேருந்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். நான்கு பக்கங்கள் வந்தன.

முதல் இரண்டு பக்கங்களில் தமிழரின் தந்தைபெயர் வழக்கை ஐஸ்லாந்து முறையோடு ஒப்பிட்டு விளக்கினேன். மூன்றாம் பக்கத்தில் அரபு முறை. நான்காம் பக்கமே எனக்கு முதன்மையானது. எங்கள் முன்னோருக்கும் பெயரின் பின்னால் ஒட்டு இருந்தது. அது சாதியின் பெயர். என் தலைமுறையினர் பலர் அதை வெட்கத்தோடு கழற்றி எறிந்தோம். வெறுமையாக இருக்கும் அந்தக் கட்டம் நாங்கள் தவறி விட்டதன்று, தெரிந்தே வெறுமையாக்கியது. ஆதலால் என் மகளுக்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை என்று உறுதி கூறுகிறேன் என முடித்திருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் அரசுத்துறை வேலைகளுக்கு அலைபவர் ஜெபராஜ் பர்னாந்து. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், மின்பணியாளராக வந்து இப்பணிக்கு உயர்ந்தவர். அவர்தான் தட்டச்சு செய்து தந்தார்.

"ஐயா, இது அஃபிடவிட்டா, பட்டிமன்றப் பேச்சா? பிள்ள ஒத்த வரிதான கேட்டுருக்கு?"

"பெயரைப் பற்றிய உண்மையைச் சுருக்கக் கூடாது, ஜெபராஜ்."

"உண்மையச் சுருக்காதிய. ஆனா கலியாணத்த நீட்டிராதிய, அதத்தான் சொல்லுதேன்." பிறகு, திரையைப் பார்த்தபடியே, "எங்க ஆளுவளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது பாத்துக்கிடுங்க. போர்த்துகீசியன் அன்னைக்கே எங்க கடக்கரைக்கு வந்து ஆளுக்கொரு குடும்பப் பேரக் குடுத்துட்டுப் போய்ட்டான். பின்னால கம்ப்யூட்டர் வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்போல" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் ஒரு வரியையும் நீக்கவில்லை. துணைத் தூதரகத்தில் சான்றளிக்கும் அலுவலர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இவ்வளவும் வேண்டுமா?" என்று பண்போடு கேட்டார். வேண்டும் என்றேன். முத்திரை இட்டுத் தந்தார்.

அந்த வாரமே அஜ்மானில் ஒரு தையற்காரரிடம் திருமணத்துக்காக மேலங்கி தைக்கக் கொடுத்தேன். அவர் பாகிஸ்தானியர். என் மருமகனின் குடும்பப் பெயருக்குத் தையற்காரர் என்று பொருள். பத்துத் தலைமுறையாக மருமகன் குடும்பத்தில் எவரும் ஊசியைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று தையற்காரரிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு உருதுவில், "அச்சா! அப்படியென்றால் எனக்கு உறவுதான், பாய். மருமகனுக்கு என் சலாம் சொல்லுங்கள்" என்றார்.

5

மூன்று வாரம் கழித்துக் கயல்விழி அழைத்தாள். குரலில் சினம் இல்லை, களைப்பு இருந்தது.

"அப்பா, நான் ஒரு சர்டிஃபிகேட் கேட்டேன். நீங்க தீசிஸ் அனுப்பியிருக்கீங்க."

நடந்தது இது. நான்கு பக்கங்களையும் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஜெர்மன் மொழியில் பெயர்க்கச் சொன்னார்கள். பெயர்த்ததை அலுவலர் முழுவதும் படித்தார். மூன்று ஆண்டுகளாக அந்நாட்டுப் பதிவேடுகளில் ஆடலரசன் என்ற குடும்பப் பெயரோடு வாழும் ஒரு பெண்ணுக்கு, அப்படியொரு குடும்பப் பெயரே இல்லை என்று அவளைப் பெற்ற தந்தை உறுதிமொழி கொடுத்திருக்கிறார். அவரால் தாமே முடிவு செய்ய இயலவில்லை. கருத்துக் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

"நான் மூணு வருஷமா இல்லாத பேர்ல இருக்கேனான்னு கேக்கறாங்கப்பா. விசா, வேலை, வீடு எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு."

"நான் எழுதியதில் பிழை ஏதாவது..."

"பிழை இல்லப்பா. எல்லாம் சரிதான். சரியா இருந்து நான் என்ன பண்றது?"

குறித்த நாள் கைவிடப்பட்டது. பதிந்திருந்த மண்டபத்தை விட்டுக்கொடுத்தார்கள். புதிய உறுதிமொழி ஒன்று, முந்தியதைத் திரும்பப் பெறுவதாகவும், ஆடலரசன் என்பதே குடும்பப் பெயர் என்று ஏற்பதாகவும், வேண்டும் என்றார்கள். நான் எழுதினேன். மூன்று வரி. ஜெபராஜ் தட்டச்சு செய்தார். எந்தக் கட்டத்தை வெறுமையாக வைப்பதைப் பெருமையாகக் கருதினேனோ அதை என் கையாலேயே நிரப்பி, இது உண்மை என்று உறுதி கூறினேன். முத்திரை இட்டவர் அதே அலுவலர்.

அதன்பின் பத்தொன்பது நாட்கள் கயல்விழியிடமிருந்து அழைப்பு இல்லை. நான் அழைத்தால் மார்ட்டின் எடுத்து, "அவள் நலம், வேலையாக இருக்கிறாள்" என்று எளிய ஆங்கிலத்தில் சொல்வார். நான் எழுதியதைத் தாம் படித்ததாகவும், நான்காம் பக்கம் தமக்குப் பிடித்திருந்ததாகவும் ஒருமுறை கூறினார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நுழைவிசைவுக்குரிய பதினைந்து நாட்களும் கடந்தன. புதிய நாள் குறித்து அவர்கள் தெரிவித்தபோது இடையில் மூன்று வாரமே இருந்தது. மீண்டும் விண்ணப்பிக்கத் துணிந்தேன். ஆனால் எங்கள் நிறுவனம் ஒரு பெருங்கட்டடத்தை ஒப்படைக்கும் வேளை அது. எண்ணூறு தொழிலாளர்களின் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விடுப்பு இல்லை என்றார்கள்.

ஜெபராஜ் தாமாகவே மேலாளரிடம் போய்ப் பேசிப் பார்த்தார். திரும்பி வந்து, "மாஃபி லீவு, கலாஸ்ங்கான்" என்று, விடுப்பு இல்லை, பேச்சு முடிந்தது என்னும் பொருள்பட அரபு கலந்து சொன்னார். பிறகு என்னைச் சிரிக்க வைக்க எண்ணி, "விசான்னு கேட்டாலே குடுக்க மாட்டேங்கான். நீங்க நுழைவிசைவுன்னு கேட்டா எப்பய்யா கெடைக்கும்?" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும்.

6

திருமணம் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே காலை பதினொரு மணி. இங்கே நண்பகல் கடந்திருக்கும். தெருவில் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நான் வேட்டி கட்டி, அதன்மேல் அந்த மேலங்கியை அணிந்து, தொலைபேசியின் அருகில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது பொருத்தமில்லாமல்தான் இருந்தது. ஆயினும் கழற்றவில்லை. தைத்தவர் நல்ல தொழிலாளி. தோளில் ஒரு சுருக்கமும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. ஜெபராஜ். அல் கூஸிலிருந்து விடுமுறை நாளில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் உணவகத்துப் பொதி.

"கலியாண வீட்ல ஒத்தையிலயா உக்காந்திருப்பாக? கேசரி வாங்கிட்டு வந்தேன். பொண்ணு வீட்டுக்காரரு, கோட்டு ஜோராத்தான் இருக்கு. வேட்டிதான் அதுகூடச் சண்ட போடுது."

இருவரும் உண்டோம். தொலைபேசி ஒலித்தது. பின்னணியில் சிரிப்பும், கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலியும் கேட்டன.

"அப்பா, முடிஞ்சிருச்சு. சாப்பிட்டீங்களா?"

திருமண நாளில் மணமகள் தந்தையைக் கேட்ட முதற் கேள்வி அது. சாப்பிட்டேன், கேசரி என்றேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். நானே சொல்லிடறேன். நான் ஷ்னைடர்னு மாத்திக்கிட்டேன்."

அந்நாட்டுச் சட்டப்படி அவள் தன் பெயரை வைத்துக்கொண்டிருக்கலாம். மணமக்கள் இருவரும் மனைவியின் பெயரைக்கூட ஏற்றிருக்கலாம். என் ஏட்டில் அதையும் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை.

"கோவத்துல இல்லப்பா. நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தா அது என்னை மாதிரி ஆபீஸ் ஆபீஸா நின்னு, தாத்தாகிட்ட பேப்பர் கேக்க வேண்டாம்னுதான். ஷ்னைடர்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நல்லது அம்மா."

"அழறீங்களா?"

"இல்லை. ஜெபராஜ் வந்திருக்கிறார்."

பிறகு, "முன்னாடி இருக்கற கயல்விழி நீங்க வச்சது. அதை இங்க யாரும் ஒழுங்காச் சொல்ல மாட்டாங்க. 'காயால்'னுதான் கூப்பிடறாங்க. மார்ட்டின் 'கெய்'னு சுருக்கிக்கலாமான்னு கேட்டார். முடியாதுன்னுட்டேன்" என்றாள்.

தொலைபேசியை வைத்தபின், என் தந்தை அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அவருடைய தந்தையின் பெயர் என்னோடு நின்றுபோனதை அன்று அவர் பார்த்தார். நான் அதைத் தமிழ்த்தொண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. என் மகளாவது எனக்குத் தொலைபேசியில் காரணம் சொன்னாள்.

7

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பேருந்து. வழக்கம்போல் மேசை. "மிஸ்டர் சுப்பையா, குட் மார்னிங்." மறுமொழி சொன்னேன்.

பணியாளர் எவரது குடும்பத்தில் பெயர் மாறினாலும் அவரவர் கோப்பில் திருத்த வேண்டியது என் கடமை. அன்று முதல் வேலையாக என் கோப்பையே எடுத்தேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்ற அட்டையில் முன்பு என் மனைவியின் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு மகளின் பெயரை எழுதியிருந்தேன். இப்போது அதிலும் பாதியை அடித்தேன். கயல்விழி ஷ்னைடர். உறவு: மகள்.

ஜெபராஜ் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "ஐயா, ஆடலரசன் சுப்பையா ஒரு பக்கம், ஷ்னைடர் ஒரு பக்கம். இந்தக் கார்டப் பாக்கவன் மகன்னு எவன் நம்புவான்?"

"மகள்" என்று திருத்தினேன்.

"அதத்தாம்யா சொன்னேன்."

அட்டையை உறையிலிட்டு, 'எஸ்' எழுத்து அடுக்கில், என் தந்தையின் பெயருக்குரிய இடத்தில் வைத்தேன். ஜெர்மனியில் அவளுடைய அலுவலகத்தில் எவரேனும் அன்று அவளைப் பழைய பெயரால் அழைத்து, பிறகு திருத்திக்கொண்டிருக்கக்கூடும். இன்னும் சில நாட்களில் அதுவும் நின்றிருக்கும்.

இனி ஒரு வேண்டுகோள். ஐரோப்பியரின் பெயர்முறைகளைப் பற்றி மேலே நான் கூறியவை நூல்களைப் பயின்று கூறியவையல்ல. கோப்புகளைப் பார்த்தும், உரியவர்களைக் கேட்டும் அறிந்தவை. போர்த்துகீசிய முறையிலும் செக் நாட்டு முறையிலும் என் புரிதல் குறையுடையதாக இருக்கலாம். அந்நாடுகளில் வாழும் தமிழர்கள் பிழை கண்டால் எழுதித் தெரிவிக்க வேண்டும். நம்முடைய முறையைப் பற்றி நான் எழுதிய நான்காம் பக்கத்தில் பிழை உண்டென்று கருதுவோரும் எழுதலாம். நான்கு பக்கங்களுக்குக் குறையாமல் எழுதினாலும் படிப்பேன்.

உறையின்மேல் ஆடலரசன் என்று மட்டும் எழுதினாற் போதும். அந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லி மடல் திரும்பிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் மடல்களைப் பெயர் பார்த்துப் பிரிப்பவனும் நானே.